அறுபது லட்சம் வாக்கு வாங்கிய ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி 1933-இல் ஏன் அசையவில்லை?

தெற்குவாசல்:

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, ரஷ்யாவைத் தள்ளிவைத்துப் பார்த்தால், ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி ஜெர்மனியில்தான் இருந்தது. 1920 ஜூன் தேர்தலில் அதற்குக் கிடைத்தது 2.1 சதவீத வாக்கு, நான்கு இடம். 1932 நவம்பரில் 16.9 சதவீதம், 100 இடம், ஏறக்குறைய அறுபது லட்சம் வாக்கு. பெர்லின் நகரத்தில் அந்தத் தேர்தலில் முதலிடமே அந்தக் கட்சிக்குத்தான். அடுத்த ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர் ஆனார். மார்ச் 3 அன்று கட்சித் தலைவர் எர்ன்ஸ்ட் தால்மன் பெர்லினில் பிடிபட்டார். சில வாரங்களுக்குள் அலுவலகம், பத்திரிகை, அச்சகம் எல்லாம் போயின.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில் சொல்வார்கள். ஸ்டாலின் சொன்னபடி நடந்து கெட்டார்கள் என்பது ஒன்று. தொழிலாளர்களின் இன்னொரு பெரிய கட்சியான சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் எனக்கு இரண்டும் போதவில்லை. கட்சி எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட எங்கே வளர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் வாதம். வாக்குச்சாவடியில் வளர்ந்தது, தெருவில் வளர்ந்தது, வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் வளர்ந்தது. ஆலைக்குள் தேய்ந்துகொண்டே வந்தது. 1932-இல் அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு வேலை கிடையாது.

1920 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். காப் என்கிற அதிகாரியும் சில தளபதிகளும் படையோடு பெர்லினுக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தார்கள். அமைச்சர்கள் நகரத்தை விட்டே ஓடினார்கள். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. ரயில், மின்சாரம், தண்ணீர், பத்திரிகை என்று ஒவ்வொன்றாக நின்றது. நான்கைந்து நாளில் காப் தப்பி ஓட வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கம்யூனிஸ்ட் கட்சி ரொம்பச் சின்னது. அதுவும் அதன் தலைமை முதலில் இந்தக் குடியரசைக் காப்பாற்ற நாங்கள் எதற்கு என்று ஒதுங்கி நின்று, அடுத்த நாளே நிலையை மாற்றிக்கொண்டது. அப்படியிருந்தும் தொழிலாளர் கையில் ஒரு பிடி இருந்தது. 1933-இல் கட்சி வாக்குக் கணக்கில் பத்து மடங்கு பெரிது. பிடி இல்லை.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆட்களைத் திட்டாமல் பேசுவோம்.

கயல்:

நல்ல கேள்வி. நான் பள்ளியில் வரலாறு எடுப்பவள். பின்னணி தெரியாமல் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கட்சி பிறந்தது 1918 கடைசி நாட்களில், பெர்லினில். டிசம்பர் 30-இல் தொடங்கிய மாநாடு புத்தாண்டு அன்று முடிந்தது. கட்சியின் முன்னணித் தலைவர்களான ரோசா லக்சம்பர்க், கார்ல் லீப்னெக்ட் எல்லாரும் அங்கே இருந்தார்கள். வரப்போகிற தேசிய சபைத் தேர்தலில் போட்டியிட வேண்டும் என்று ரோசா வாதாடினார். மாநாடு கேட்கவில்லை. 62 பேர் புறக்கணிப்புக்கு, 23 பேர் போட்டியிட. தன் சொந்தக் கட்சியின் முதல் மாநாட்டிலேயே தோற்றுப்போனார் அவர். இரண்டு வாரத்தில், ஜனவரி 15 இரவு, இருவரையும் படையினர் கொன்றார்கள். ரோசாவின் உடலை லாண்ட்வேர் கால்வாயில் போட்டார்கள், மே கடைசியில்தான் கிடைத்தது. அந்தக் கூலிப்படைகளைப் பெர்லினுக்குக் கூட்டி வந்தது சமூக ஜனநாயக அரசு. நோஸ்கே என்கிற சமூக ஜனநாயக அமைச்சர்தான் பொறுப்பில் இருந்தவர். இதை மறந்துவிட்டு, பின்னால் இரண்டு கட்சியும் ஏன் சேரவில்லை என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

கட்சி பெரிய கட்சியானது 1920 அக்டோபரில். போரை எதிர்த்துச் சமூக ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் சுயேச்சைக் கட்சி என்று தனியாக இருந்தார்கள். ஹாலே நகரத்தில் அவர்கள் மாநாடு கூடியது. மாஸ்கோவிலிருந்து வந்த ஜினோவியேவ் ஜெர்மன் மொழியிலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ரஷ்யாவில் லெனின் கட்சியை எதிர்த்த மென்ஷெவிக் அணியின் தலைவர் மார்த்தோவ் எதிர்த்தார். 236-க்கு 156 என்று வாக்கு விழுந்து, பெரும்பான்மை மாஸ்கோ அகிலத்தில் (பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) சேர முடிவு செய்தது. டிசம்பரில் கம்யூனிஸ்டுகளோடு இணைந்தபோது ஒரே அடியில் மூன்று லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். இவர்கள் உலோக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலையில் இருந்தவர்கள். தெற்குவாசல் சொல்கிற பிடி அப்போது கட்சியிடம் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அதைத் தொலைக்க மூன்று மாதம் போதுமாக இருந்தது. 1921 மார்ச்சில் மத்திய ஜெர்மனியில், மான்ஸ்ஃபெல்டு சுரங்கப் பகுதியிலும் லாய்னா ரசாயன ஆலையிலும் எழுச்சி. மற்ற ஊர்த் தொழிலாளர்கள் வரவில்லை. வராதவர்களை இழுக்க, சில இடங்களில் வேலையில்லாத தோழர்களைக் கொண்டு ஆலை வாசலை அடைத்தார்கள். உள்ளே போக வந்தவர்களும் தொழிலாளர்கள்தான். தொழிலாளியும் தொழிலாளியும் கைகலந்தார்கள். தலைவராக இருந்த பால் லெவி இதைக் கண்டித்து எழுதினார், கட்சி அவரை வெளியேற்றியது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

புதுவாசகன்:

கயல் அக்கா, நன்றி. ஒரு சந்தேகம். 1923-இல் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோதுதானே புரட்சிக்கு நல்ல நேரம்? அப்போது ஏன் நடக்கவில்லை? கல்லூரிப் பாடத்தில் ஒரு வரியோடு தாண்டிப் போய்விட்டார்கள்.

கயல்:

தம்பி, அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ரூர் பகுதியை பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் பிடித்து வைத்திருந்தன. அகிலம் அக்டோபருக்கு நாள் குறித்தது. சாக்சனி, துரிங்கியா மாநிலங்களில் இடதுசாரி சமூக ஜனநாயகர்களோடு கம்யூனிஸ்டுகள் அமைச்சரவையில் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஆயுதம் எடுக்கலாம் என்று திட்டம். அக்டோபர் 21 அன்று கெம்னிட்ஸ் நகரக் கூட்டத்தில் அப்போதைய கட்சித் தலைவர் பிராண்ட்லர் பொது வேலைநிறுத்தம் கோரினார். சமூக ஜனநாயகப் பிரதிநிதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாகப் போனால் 1921 மறுபடி நடக்கும் என்று அவர் பின்வாங்கினார். ஹாம்பர்க் மட்டும் 23-ஆம் தேதி எழுந்தது. காவல் நிலையங்களைத் தாக்கினார்கள், இரண்டு மூன்று நாளில் முடிந்தது, நூறு பேர் அளவில் செத்தார்கள். அதற்குப் பிறகு கட்சி சில மாதம் தடையில் இருந்தது.

பிராண்ட்லர் செய்தது சரி என்று நான் நினைக்கிறேன். கட்சி அவரைப் பலி கொடுத்தது.

பழையமில்காரர்:

நான் படித்தவன் அல்ல. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவன், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன். தெற்குவாசல் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது முதல் பட்டியலில் யார் பெயர் இருந்தது என்று சொல்லவே வேண்டாம். கொடி பிடித்தவன், கேட்டில் பேசியவன், மேஸ்திரியிடம் எதிர்த்துக் கேட்டவன். நாங்கள் வெளியே வந்த பிறகு தினமும் கேட் கூட்டம் போட்டோம். முன்பைவிடக் கூட்டம் அதிகம். பேச்சும் சூடு. மற்ற ஊர்களிலிருந்தும் வந்து பேசினார்கள். ஆனால் உள்ளே ஒரு கதிரைக்கூட எங்களால் நிறுத்த முடியவில்லை. உள்ளே இருந்தவன் எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். அவன் மேல் எங்களுக்குக் கோபம். எங்கள் மேல் அவனுக்குப் பயம், தானும் இப்படி வெளியே வந்துவிடுவோமோ என்று. நாளாக ஆக நாங்கள் அவனைத் திட்ட ஆரம்பித்தோம். அதுதான் முதலாளிக்கு வேண்டியது.

ஜெர்மனியில் ஒரு கேட்டில் நடந்ததல்ல, நாடு முழுக்க நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அறுபது லட்சம் பேருக்கு வேலையில்லை. உள்ளே இருப்பவன் சமூக ஜனநாயகச் சங்கத்துக்காரன், வெளியே இருப்பவன் கம்யூனிஸ்ட். அப்புறம் எப்படிச் சேருவார்கள்? தத்துவத்தில் பிரிவதற்கு முன்னாலேயே கேட்டில் பிரிந்துவிட்டார்கள்.

ஆவணப்பிரியன்:

மில்காரர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்கிறது. கட்சி தானாக ஆலையை விட்டு வெளியே வந்ததுபோல எழுதுகிறீர்கள். வெளியேற்றினார்கள். ஆலை முதலாளிகள் மட்டும் இல்லை, சங்கத் தலைமையும்தான். கம்யூனிஸ்ட் என்று தெரிந்தால் சங்கத்திலிருந்து நீக்குவது 1920-களிலேயே நடந்தது.

1929 மே தினத்தைச் சொல்லாமல் 'சமூக பாசிசம்' என்ற கொள்கையை, அதாவது சமூக ஜனநாயகக் கட்சியும் பாசிசத்தின் ஒரு வடிவம்தான் என்று கம்யூனிஸ்டுகள் சொன்னதை, கேலி செய்வது எளிது. அன்று பெர்லின் காவல்துறைத் தலைவர் ட்ஸோர்கீபெல், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். மே தின ஊர்வலத்துக்குத் தடை போட்டார். தடையை மீறித் தொழிலாளர்கள் வந்தார்கள். வெட்டிங் பகுதியில் கோஸ்லினர் தெரு என்று ஒரு சின்னத் தெரு, நெருக்கமான குடியிருப்புகள். அங்கே தடுப்பு போட்டார்கள். காவல்துறை கவச வண்டியோடு வந்தது. ஜன்னலை மூடு என்று கத்தினார்கள், மூடாத ஜன்னலைச் சுட்டார்கள். அப்படி ஜன்னலோரம் நின்று செத்தவர்களில் ஒருவர் சமூக ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர். மூன்று நாளில் சுமார் 11,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காவலர் ஒருவர்கூடத் துப்பாக்கியால் சாகவில்லை. பிறகு தடை செய்யப்பட்டது யாரை? கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் படையை.

அந்தத் தெருவில் வாழ்ந்தவனுக்குச் சமூக ஜனநாயகக் கட்சி எதிரி என்று மாஸ்கோவிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. கட்சியால் வேலையை நிறுத்தவே முடியவில்லை என்பதும் சரியில்லை. 1932 நவம்பர் தொடக்கத்தில் பெர்லின் போக்குவரத்து நின்றது. மணிக்கு 2 பிஃபென்னிக் கூலிவெட்டை எதிர்த்து ட்ராம், பஸ், சுரங்க ரயில் ஊழியர் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றது கம்யூனிஸ்டுகள். அந்த வாரம்தான் தேர்தல், கட்சிக்கு 100 இடம்.

தெற்குவாசல்:

தோழர், மே தின விவரத்தில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. போக்குவரத்து வேலைநிறுத்தத்தை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன்: அந்தப் போராட்டக் குழுவில் கூட நின்றது யார்? நாஜிகளின் ஆலை அமைப்பு. செங்கொடிக்காரரும் சுவஸ்திகாக்காரரும் ஒரே மறியலில் நின்றார்கள். சங்கத் தலைமை ஆதரிக்கவில்லை. ஐந்தாம் நாள் வேலைநிறுத்தம் முறிந்தது, பலர் வேலையை இழந்தார்கள். அதாவது, இருந்த கொஞ்சநஞ்ச உள்ளே இருந்தவர்களும் வெளியே.

1931 ஆகஸ்டையும் சேர்த்துப் பாருங்கள். பிரஷ்ய மாநிலத்தில் சமூக ஜனநாயக அரசைக் கவிழ்க்க நாஜிகளும் தேசியவாதிகளும் பொதுவாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். ஜெர்மன் கட்சித் தலைமைக்கே முதலில் அதில் விருப்பமில்லை. அகிலம் சொன்னதும் ஆதரித்தார்கள், 'சிவப்பு வாக்கெடுப்பு' என்று பெயர் வைத்தார்கள். 98 லட்சம் பேர் ஆதரித்தார்கள், போதவில்லை, தோற்றது. பெர்லினில் ட்ராம் ஓட்டுகிற சமூக ஜனநாயகத் தொழிலாளி அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? அடுத்த ஆண்டு இதே கட்சி 'பாசிச எதிர்ப்பு நடவடிக்கை'க்கு வா என்று அவனைக் கூப்பிட்டது.

புதுவாசகன்:

1925-ஐப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹிண்டன்பர்க்குக்கு 1.46 கோடி, மார்க்ஸ் என்கிற கத்தோலிக்க மையக்கட்சி வேட்பாளருக்கு 1.37 கோடி, தால்மனுக்கு 19 லட்சம். வித்தியாசம் ஒன்பது லட்சம்தான். தால்மன் விலகியிருந்தால் ஹிண்டன்பர்க் வந்திருக்க மாட்டார், ஹிட்லரை அவர் நியமித்திருக்கவும் மாட்டார் இல்லையா?

ஆவணப்பிரியன்:

இது அடிக்கடி வருகிற வாதம். பவேரிய மக்கள் கட்சி கத்தோலிக்கக் கட்சி, அதுவே கத்தோலிக்க வேட்பாளரை விட்டுவிட்டு புரொட்டஸ்டன்ட் தளபதியை ஆதரித்தது. பழியை ஏன் தால்மன் மேல் மட்டும் போடுகிறீர்கள்? 1932-இல் அதே ஹிண்டன்பர்க்குக்கு ஓட்டுப் போடச் சொன்னது சமூக ஜனநாயகக் கட்சி. 'ஹிண்டன்பர்க்குக்குப் போடுகிறவன் ஹிட்லருக்குப் போடுகிறான், ஹிட்லருக்குப் போடுகிறவன் போருக்குப் போடுகிறான்' என்று கம்யூனிஸ்டுகள் சுவரெல்லாம் எழுதினார்கள். அது அப்படியே நடந்தது.

பழையமில்காரர்:

அப்படியே நடந்தது சரி தோழர். நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்த கட்சி அதைத் தடுக்க என்ன செய்தது என்பதுதானே இந்த இழையின் கேள்வி.

தம்பி, 1925 கணக்கை ரொம்ப இழுக்காதே. ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு ஓட்டு எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. நடுவில் 1926 இருக்கிறது. பழைய மன்னர் குடும்பங்களின் சொத்தை இழப்பீடு இல்லாமல் எடுக்க வேண்டும் என்று கம்யூனிஸ்டுகள் தொடங்கி, சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து, பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். 1.45 கோடி பேர் ஆதரித்தார்கள். சட்டம் கேட்ட பாதி வாக்காளர் எண்ணிக்கையை எட்டவில்லை, தோற்றது. ஆனால் இரண்டு கட்சியும் சேர்ந்து எந்தத் தேர்தலிலும் வாங்காத வாக்கு அது. மே தினச் சாவுக்கு மூன்று வருடம் முன்னால், ரோசா செத்து ஏழு வருடம் கழித்து. காயம் இருந்தது, அப்படியும் சேர்ந்து வேலை செய்ய முடிந்திருக்கிறது. அதனால் காயம்தான் காரணம் என்று யாரும் சொல்லி முடித்துவிட முடியாது.

கயல்:

மில்காரர் ஐயா, அருமை. இதை நான் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

1928-க்குப் பிறகுதான் கதவு சாத்தப்படுகிறது. அந்த ஆண்டு அகிலத்தின் ஆறாவது மாநாடு சமூக ஜனநாயகத்துக்கு எதிரான கடும்போக்குக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஹாம்பர்க்கில் விட்டோர்ஃப் என்கிற கட்சிச் செயலாளர் கட்சிப் பணத்தைக் கையாடியது வெளியே வந்தது. தால்மனின் நெருங்கிய ஆள். தால்மனுக்குத் தெரிந்திருந்தும் மறைத்தார் என்று மத்தியக் குழு அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. சில நாளில் ஸ்டாலின் தலையிட்டு அவரை மறுபடி உட்கார வைத்தார். எதிர்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிராண்ட்லர், தால்ஹைமர் எல்லாரும் போனார்கள். இவர்கள்தான் சங்கத்துக்குள் இருந்தே வேலை செய்ய வேண்டும், சமூக ஜனநாயகத் தொழிலாளியோடு சேர வேண்டும் என்று சொன்னவர்கள். அடுத்த ஆண்டிலிருந்து கட்சி தனிச் சங்க எதிரணி கட்ட ஆரம்பித்தது. அதில் உச்சத்தில் மூன்று லட்சம் பேர் அளவில். பழைய சங்கக் கூட்டமைப்பில் 1931-இல்கூட நாற்பது லட்சம் பேர்.

தலைமை தன் தொண்டர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்சியாக இருந்திருந்தால் அந்தக் கையாடல் விவகாரத்திலேயே வேறு தலைமை வந்திருக்கும். தெற்குவாசல் ஸ்டாலின் விளக்கம் போதாது என்கிறார். போதாதுதான், ஆனால் இந்த இடத்தில் அதைத் தள்ளிவைக்க முடியாது.

இந்தியத் தொடர்பு ஒன்று: எம்.என்.ராய் அந்த நாட்களில் பெர்லினில் பிராண்ட்லர் அணியின் பத்திரிகைக்கு எழுதினார், 1929-இல் அகிலம் அவரை வெளியேற்றியது. வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, சரோஜினி நாயுடுவின் தம்பி, மறுபக்கம் நின்றார். பிரஸ்ஸல்ஸில் 1927-இல் நேரு கலந்துகொண்ட ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டிலிருந்து பிறந்த அமைப்பின் செயலகத்தைப் பெர்லினில் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவருக்கு மாஸ்கோவில் 1937-இல் மரண தண்டனை. நம் பெரியாரும் 1932-இல் ரஷ்யப் பயணம் முடித்து பெர்லினில் இருந்திருக்கிறார். அந்தக் கோடையின் பெர்லினை அவர் கண்ணால் பார்த்தவர்.

புதுவாசகன்:

அந்தக் கோடை பெர்லின் எப்படி இருந்தது? யாராவது சொல்ல முடியுமா?

தெற்குவாசல்:

ஒரு புகைப்படம் போதும். கோப்பெனிக்கர் தெருவில் ஒரு பழைய குடியிருப்பின் உள்முற்றம், 1932. வாடகை கொடுக்க மாட்டோம் என்று குடியிருப்போர் போராட்டம். கீழே சுவரில் பெரிய எழுத்தில் 'முதலில் சாப்பாடு, பிறகு வாடகை' என்று எழுதியிருக்கிறது. மேலே ஜன்னல்களில் கொடிகள் தொங்குகின்றன. ஒரு ஜன்னலில் அரிவாள் சுத்தியல், பக்கத்து ஜன்னலில் சுவஸ்திகா. ஒரே மாடிப்படி, ஒரே குழாயடி, ஒரே வீட்டுக்காரன்.

அந்த முற்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கஞ்சித்தொட்டி இருந்தது, விளையாட்டுக் கழகம் இருந்தது, வழக்கு வந்தால் செம்உதவி அமைப்பு வக்கீல் வைத்துக் கொடுத்தது. முன்சன்பெர்க் நடத்திய படப் பத்திரிகை லட்சக்கணக்கில் விற்றது. இதையெல்லாம் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பசித்தவனுக்கு முதலில் வந்து நின்ற கட்சி அதுதான், அதனால்தான் வாக்கு ஏறியது. 1928-இல் 32 லட்சம், 1930-இல் 45 லட்சம், 1932 ஜூலையில் 52 லட்சம், நவம்பரில் 59 லட்சம். ஆனால் உறுப்பினர் சேர்வதும் போவதும் சத்திரம்போல. 1932 கடைசியில் பதிவில் மூன்றரை லட்சம் பேர். ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள் அதைவிட வெகு குறைவு.

ஆவணப்பிரியன்:

இப்போது நான் ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

1933 ஜனவரி 30 மாலை ஹிட்லர் பதவியேற்ற செய்தி வந்ததும் கம்யூனிஸ்ட் கட்சி பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விட்டது. வேறு எந்தப் பெரிய கட்சியும் விடவில்லை. அரசியல் சட்டப்படி நடக்கும்வரை பொறுப்போம் என்பதே சமூக ஜனநாயகக் கட்சியின் நிலை. மறுநாள் வுர்ட்டெம்பெர்க் பகுதியில் மொஸ்ஸிங்கன் என்கிற சின்ன ஊரில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடினார்கள். பௌசா என்ற துணி ஆலைக்குப் போனார்கள். உள்ளே தொழிலாளர் வாக்கெடுத்து, 53-க்கு 42 என்று வேலையை நிறுத்தினார்கள். ஆலை உரிமையாளர்கள் யூதர்கள், லோவன்ஸ்டைன் குடும்பம், தடுக்கவில்லை. அங்கிருந்து அடுத்த ஆலை, அதற்கடுத்த ஆலை. ஊர்வலம் 800 பேர் வரை போனது. மூன்றாவது ஆலை வாசல் பூட்டியிருந்தது. அதற்குள் ரோய்ட்லிங்கனிலிருந்து காவல்துறை வந்துவிட்டது. 80 பேருக்குச் சிறை.

கட்சியின் அறைகூவலைக் கேட்டு ஆலையை நிறுத்தியவர்கள் அவர்கள். அந்த 80 பேரை வைத்துக்கொண்டு கட்சி அசையவில்லை என்று தலைப்பு வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

தெற்குவாசல்:

அந்த 80 பேருக்கும் தலைவணங்குகிறேன், தோழர். மொஸ்ஸிங்கன் உங்கள் வாதத்தைவிட என் வாதத்துக்குத்தான் சாட்சி.

அது ஏன் அங்கே நடந்தது? ஆலைக்குள் வாக்கெடுக்க ஆள் இருந்தது. 53-க்கு 42 என்றால் உள்ளே வாதம் நடந்திருக்கிறது, கம்யூனிஸ்ட் அல்லாதவனும் கை தூக்கியிருக்கிறான். சின்ன ஊர், பாதிப் பேருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, வேலை போனாலும் உருளைக்கிழங்கு இருக்கும். விளையாட்டுக் கழகத்திலும் கூட்டுறவுக் கடையிலும் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெரிய நகரங்களில் இது ஒன்றுமே மிச்சமில்லை. கட்சிக்கு முதலிடம் கொடுத்த பெர்லினில் அன்று ட்ராம் ஓடியது. அந்த ஊர்க்காரர்கள் மற்ற ஊரெல்லாம் நின்றுவிட்டது என்று நம்பித்தான் கிளம்பினார்கள்.

பழையமில்காரர்:

53-க்கு 42 என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த 42 பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் பிள்ளை இருக்கும்.

ஒன்று மட்டும். சங்கத் தலைமையைச் சும்மா விடக்கூடாது. 1932 ஜூலை 20 அன்று அப்போதைய சான்சலர் பாப்பன் பிரஷ்ய அரசை ஒரு உத்தரவில் கலைத்தபோது வேலைநிறுத்தம் செய்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். நாற்பது லட்சம் பேரை வைத்துக்கொண்டு வாளாவிருந்தார்கள். 1933 மே 1 அன்று ஹிட்லர் நடத்திய மே தின விழாவுக்குத் தொழிலாளர்களைப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலை சங்கக் கட்டடங்களை நாஜிகள் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே ஆள் வைத்திருந்தவன் அசையவில்லை, அசைய நினைத்தவனுக்கு உள்ளே ஆள் இல்லை.

புதுவாசகன்:

அப்படியானால் சேர்ந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்கிறீர்களா? 1932 நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சி 20.4, கம்யூனிஸ்ட் 16.9. கூட்டினால் 37.3. நாஜிகள் 33.1 தான். பிரான்சில் 1934-க்குப் பிறகு இரண்டும் சேர்ந்து 1936-இல் மக்கள் முன்னணி வென்றது, பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகள் 72 இடம் பிடித்தார்கள்.

ஆவணப்பிரியன்:

தம்பி, கூட்டல் கணக்குக்கு எதிராக ஒரு சாட்சி இருக்கிறது. சார் பகுதி. அது அப்போது ஜெர்மனியில் இல்லை, தேசங்கள் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தது, ஹிட்லரின் சட்டம் அங்கே செல்லாது. 1934-இல் அங்கே சமூக ஜனநாயகரும் கம்யூனிஸ்டும் உண்மையிலேயே சேர்ந்தார்கள். ஒரே மேடை, ஒரே கோரிக்கை: ஹிட்லர் இருக்கும்வரை ஜெர்மனியோடு சேர வேண்டாம். 1935 ஜனவரி 13 அன்று வாக்கெடுப்பு. 90 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு. சேர்ந்து நின்றவர்களுக்கு 9 சதவீதம்கூட வரவில்லை. முன்பு தேர்தல்களில் இரண்டு கட்சியும் தனித்தனியாக வாங்கியதைக் கூட்டினால் இதைவிட எவ்வளவோ அதிகம்.

தெற்குவாசல்:

சார் உதாரணம் கனமானது, தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அங்கே கேட்கப்பட்டது நீ எந்த நாடு என்ற கேள்வி. பதினைந்து வருடம் பிரெஞ்சு அரசு சுரங்கங்களை வைத்திருந்த இடம். சுரங்கத் தொழிலாளிக்கு முதலாளி பிரெஞ்சுக்காரன். ஆயர்கள் ஜெர்மனிக்குப் போடச் சொன்னார்கள். அங்கே சமூக ஜனநாயகக் கட்சிக்கு விசுவாசமாக இருந்தவன்கூட ஜெர்மன்காரனாகத்தான் வாக்குச்சாவடிக்குப் போனான். அதுவும் ஹிட்லர் ஜெயித்து இரண்டு வருடம் கழித்து, ஜெயித்தவன் பக்கம் ஊரே சாய்ந்துகொண்டிருந்தபோது.

பிரான்சில் பாருங்கள், 1934 பிப்ரவரி 12. பாரிஸில் இரண்டு கட்சியின் ஊர்வலமும் தனித்தனியாகக் கிளம்பி, வழியில் சந்தித்து, தொண்டர்கள் தாங்களாகவே ஒன்றாகக் கலந்தார்கள். அன்று பொது வேலைநிறுத்த நாள். தலைமைகள் கையெழுத்திட்டது ஜூலையில்தான். 1936 வெற்றிக்குப் பிறகு ஆலைகளுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பள உயர்வும் வாரம் 40 மணி நேர வேலையும் வாங்கினார்கள். அதற்கு ஆலைக்குள் ஆள் இருக்க வேண்டும். பிரான்சில் வேலையின்மை ஜெர்மனி அளவுக்குப் போகவே இல்லை, ஆள் உள்ளே இருந்தான்.

புதுவாசகன், நீ சொன்ன 37.3-ஐ இந்த இடத்தில் வைத்துப் பார். நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு ஜூலையைவிட இருபது லட்சம் வாக்கு குறைந்திருந்தது, கட்சிக் கஜானா காலி. இரண்டு மாதம் அவர்களைப் பதவிக்கு வராமல் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நியாயமான கேள்வி. அதற்கு வேண்டியது ரயிலையும் மின்நிலையத்தையும் நிறுத்தக்கூடிய ஆட்கள். அவர்கள் பழைய சங்கத்தில் இருந்தார்கள். அந்தச் சங்கத்துக்குள் நம் ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னவர்களைத்தான் கட்சி 1929-க்குள் வெளியே அனுப்பியிருந்தது.

கயல்:

அடுத்து செக்கோஸ்லோவாகியாவைப் பேசலாமா? அங்கே கம்யூனிஸ்ட் கட்சி 1938 வரை தடையில்லாமல் நடந்தது. 1925-இல் 13 சதவீதம், 41 இடம், நாட்டிலேயே இரண்டாவது பெரிய கட்சி. 1935-இல் 10 சதவீதம், 30 இடம். வேலையின்மை அங்கேயும் கடுமை, சுடேட்டன் ஜெர்மன் பகுதிகளில் இன்னும் மோசம். அப்படியும் ஜெர்மன் கட்சிபோல வாக்கு ஏறவில்லை. வேலையில்லாதவன் தானாக கம்யூனிஸ்டுக்குப் போடுவான் என்கிற எண்ணத்தை அது உடைக்கிறது. தனி இழை தொடங்குகிறேன், மில்காரர் ஐயாவும் அங்கே வர வேண்டும்.